எட்டுப் பேர், ஒரே தோட்டம்: நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ் மெட்டல் டிடெக்டர்

மெட்டல் டிடெக்டர் வாங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு ஆழம் பிடிக்கும்?” என்பதுதான். தனியாகத் தேடப் போகிறவருக்கு அது சரியான கேள்வி. நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு போகிறவர் அதற்கு முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: பக்கத்தில் இதே கருவி இன்னொன்று ஓடும்போது இது நிதானமாக வேலை செய்யுமா? நோக்டா சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸை நான் மனதாரப் பாராட்டுவது அந்த இரண்டாவது கேள்விக்கு அது சொல்லும் பதிலுக்காகத்தான்.

குடியிருந்தவர்கள் விட்டுப்போய்ப் பல காலமான ஒரு பழைய எஸ்டேட்டில் எட்டுப் பேராக ஒரு பகல் முழுவதும் தேடினோம். ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. எட்டுப் பேரில் ஐவரிடம் இருந்தது சிம்ப்ளெக்ஸ் பிளஸ். 2019இல் வெளிவந்த கருவி, 12 கிலோஹெர்ட்ஸ் என்ற ஒரே அதிர்வெண்ணில் இயங்குவது, எடை 1.3 கிலோ, மண்ணுக்கு மேல் வீசித் தேடும் வட்டத் தட்டான ‘காயில்’ 28 சென்டிமீட்டர், மூன்று மீட்டர் ஆழம்வரை தண்ணீரில் இறக்கலாம். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அனுபவசாலிகள் பலரும் கைகாட்டும் கருவி என்பதால், ஒரு குழு சேர்ந்தால் அதில் இரண்டு மூன்று இருப்பது சகஜம். சிக்கல் தொடங்குவதும் அங்கேதான்.

காயில் மண்ணுக்குள் மாறிக்கொண்டே இருக்கும் ஒரு காந்தப் புலத்தை அனுப்புகிறது. அது உலோகத்தைத் தொட்டால் அங்கே சுழல் மின்னோட்டம் எழும். அந்த மின்னோட்டம் உண்டாக்கும் சிறு புலத்தைத்தான் கருவி கேட்கிறது. அருகில் நிற்பவரின் காயிலும் அதே அதிர்வெண்ணில் அனுப்பினால், மண்ணிலிருந்து வந்தது எது, நண்பரிடமிருந்து வந்தது எது என்று அதனால் பிரித்தறிய முடியாது. எந்த நிறுவனத்தின் கருவியானாலும் இது பொது. அன்று காலையில் ஐந்து பேரும் பங்களாவின் வாசற்படிக்கு அருகே ஒன்றாகக் கருவியை இயக்கினோம். ஐந்தும் ஓயாமல் கத்தின. முதன்முறையாக வந்திருந்த ஒரு பெண், தன்னுடையது பழுதாகிவிட்டது என்றே நினைத்துப் பையில் வைக்கப் போனார். இதன் அமைப்புகளில் அதிர்வெண்ணைச் சற்றே நகர்த்திக்கொள்ளும் வசதி இருக்கிறது. ஆளுக்கொரு படியில் வைத்துக்கொண்டு, இருவருக்கு நடுவே பதினைந்து தப்படி இடைவெளி விட்டோம். கூச்சல் அடங்கிவிட்டது. இதைக் கிளம்புவதற்கு முன்பே செய்து, யாருக்கு எந்தப் படி என்று பிடியில் ஒரு துண்டு டேப்பில் எழுதி ஒட்டியிருந்தால் அரை மணி நேரம் மிச்சமாகியிருக்கும். குழுவாகப் போகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

கருவியை விட்டுக் கொஞ்சம் விலகிப் பேசுகிறேன். ஏற்பாடு சரியாக இல்லாவிட்டால் எந்தக் கருவியாலும் பயனில்லை. ‘கைவிடப்பட்டது’ என்றால் உரிமையாளர் இல்லை என்று பொருளல்ல. பூட்டிய கேட்டுக்குப் பின்னால் ஒரு குடும்பம், ஒரு வழக்கு, ஒரு வங்கி என யாராவது இருப்பார்கள். எங்களுக்கு அனுமதி தந்தவர் அந்த வீட்டில் பிறந்து வளர்ந்த ஒரு மூதாட்டி. எந்த நாள், எத்தனை பேர், கிடைப்பது யாருக்கு, குழிகளை மூடுவது யார் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். கையெழுத்திட்ட பிறகு அவர் சொன்னார்: “எல்லா இடத்திலும் பாருங்கள் தம்பி. அந்தப் பெரிய மரத்துக்குக் கிழக்கே மட்டும் தோண்ட வேண்டாம். எங்கள் நாய்களை அங்கேதான் புதைத்தோம்.” “சரிங்கம்மா” என்றேன். அந்தப் பக்கம் கயிறு கட்டிவிட்டுத்தான் மற்ற வேலையைத் தொடங்கினோம். அந்தந்த நாட்டுச் சட்டத்தையும் முன்கூட்டியே படித்துவிட வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடம் என்றால், உரிமையாளர் சரி என்றாலும் கருவியோடு உள்ளே போவது பல நாடுகளில் குற்றம்.

ஒரு வாரம் முன்னதாக, கருவி எதுவும் எடுக்காமல், நானும் ஒரு நண்பரும் போய் நிலத்தை நடந்து பார்த்தோம். அந்த நடை எங்களைக் காப்பாற்றியது என்றே சொல்வேன். சமையலறைக்குப் பின்னால் புல் மூடிய ஒரு கிணறு. அதன் மேல் போட்டிருந்த பலகைகளைக் கம்பால் அழுத்தியதும் மாவாக உதிர்ந்தன. கூரை தொங்கிக்கொண்டிருந்த வீட்டுக்குள் யாரும் காலெடுத்து வைக்கக் கூடாது என்று அங்கேயே முடிவெடுத்தோம். குளவிக்கூடு இருந்த தாழ்வாரத்தையும் ஒதுக்கினோம். மீதி நிலத்தைக் கயிற்றால் எட்டுக் கட்டங்களாகப் பிரித்தோம். வருகிற எல்லோரிடமும் டெட்டனஸ் ஊசியைப் பற்றிக் கேட்டேன். துருப்பிடித்த ஆணி கையில் குத்தும் வேலை இது.

ஆணி என்றதும் கருவிக்குத் திரும்ப வேண்டும். இடிந்த கட்டடத்தைச் சுற்றி ஒரு கையளவு மண்ணில் நான்கு ஆணி இருக்கும். 28 சென்டிமீட்டர் காயில் ஒரே வீச்சில் அந்த நான்கையும் சேர்த்தே பார்க்கிறது. நடுவில் ஒரு பித்தளைப் பொத்தான் இருந்தால் அதன் குரல் இரும்பின் இரைச்சலில் அமுங்கிவிடும். பெரிய காயிலுக்கு இது இயல்பு. இதே கருவிக்குச் சிறிய காயிலும் கிடைக்கிறது. பாழடைந்த வீடுகளுக்கு அதுதான் ஏற்றது. எங்களில் ஒருவர் மட்டும் அதைக் கொண்டுவந்திருந்தார். சுவரோரத்துக் கட்டத்தை அவருக்கே கொடுத்தோம். மற்றவர்கள் திறந்த நிலத்துக்குப் போனோம். இன்னொன்று: சுட்ட செங்கல்லுக்குக் காந்தத் தன்மை உண்டு. செங்கல் தூள் கலந்த மண்ணுக்கு வந்ததும் காயிலை மேலும் கீழுமாக ஆட்டி மண்ணோடு மறுபடி சமன்செய்ய வேண்டும். சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸில் இது ஒரு பொத்தானை அழுத்திப் பிடிக்கிற வேலைதான். சமன்செய்யாமல் தேடியவர்களுக்கு இல்லாத சிக்னலெல்லாம் கேட்டது.

திரையில் வரும் எண் 0 முதல் 99 வரை. கீழ் எண்கள் இரும்பு. நடுவில் தங்கமும் அலுமினியத் தாளும் அடுத்தடுத்துக் கிடக்கின்றன. எண்ணை மட்டும் நம்பி நடு எண்களை ஒதுக்கினால் மோதிரத்தையும் சேர்த்தே ஒதுக்கியதாகும். மேலே செம்பும் வெள்ளியும். பெரிய மரத்தின் மேற்குப் பக்கம், பழைய நடைபாதை வளைகிற இடத்தில், எனக்கு 70ஐ ஒட்டி ஒரு சிக்னல் வந்தது. வடக்கு தெற்காக வீசினாலும் கிழக்கு மேற்காக வீசினாலும் அதே எண், அதே மணியோசை. புல்லை மூன்று பக்கம் வெட்டி, நான்காவது பக்கத்தைக் கீல் போல விட்டு மடித்தேன். மண்ணை ஒரு துணியில் வாரிப் போட்டேன்.  குழிக்குள் பொருள் எங்கே என்று துல்லியமாகக் காட்டும் சிறு கைக்கருவிதான் பின்பாயின்டர்; எங்களிடம் இருந்தது காரெட் நிறுவனத்தின் ஆரஞ்சு நிற புரோ-பாயின்டர் ஏடி. அதன் நுனியைக் குழியின் பக்கச் சுவரில் வைத்ததும் அதிர்ந்தது. விரல் நுழைகிற அளவு மண்ணைச் சுரண்டினேன். ஒரு சாண் ஆழம்கூட இல்லை. பச்சை பூத்த பித்தளைச் சாவி. பிடி இரண்டு இறகாக விரிந்திருந்தது, முனையில் பற்களுக்குப் பதில் சதுரமான துளை. கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கிற சாவி அது. கழுவாமல், துடைக்காமல், அப்படியே ஒரு டப்பாவில் வைத்து, எந்தக் கட்டம் என்று எழுதினேன். குழியை மூடிப் புல்லை மிதித்து அமுக்கிய பிறகு இடம் தெரியவில்லை.

எங்கள் குழுவில் காது சரியாகக் கேட்காத ஒருவர் இருக்கிறார். சிம்ப்ளெக்ஸ் பிளஸ்ஸின் கைப்பிடி அதிரும்படி வைத்துக்கொள்ளலாம். அவர் அதை மட்டுமே நம்பித் தேடி, எங்களுக்குச் சமமாகப் பொருட்களை எடுத்தார். விளம்பரத்தில் ஒரு வரியாகப் போய்விடும் அந்த வசதியால்தான் அவர் இந்தப் பொழுதுபோக்கில் இருக்கிறார்.

கிளம்பும் முன் எல்லோருக்கும் ஒரு கதையைச் சொல்லியிருந்தேன். 1992 நவம்பரில் இங்கிலாந்தின் ஹோக்ஸன் கிராமத்தில், ஒரு விவசாயி தொலைத்த சுத்தியலைத் தேடிக் கொடுக்கப் போனார் எரிக் லாஸ் என்பவர். தங்கமும் வெள்ளியும் தட்டுப்பட்டதும் மேற்கொண்டு தோண்டாமல் நிறுத்திவிட்டுத் தகவல் சொன்னார். தொல்லியலாளர்கள் வந்து முறையாக அகழ்ந்தார்கள்: ரோமானிய நாணயங்கள் மட்டும் 14,865. எது எதன் மேல் இருந்தது, எப்படி அடுக்கப்பட்டிருந்தது என்பதெல்லாம் நமக்குத் தெரிவது அவர் கையை நிறுத்தியதால்தான். ஒரே இடத்தில் பழைய பொருட்கள் மூன்று நான்கு சேர்ந்து வந்தாலும், வெடிபொருள் போல ஏதாவது கண்ணில் பட்டாலும், கையை எடுத்துவிட்டு என்னைக் கூப்பிட வேண்டும் என்பது எங்கள் ஒப்பந்தம். அன்று அதற்குத் தேவை வரவில்லை.

வாங்கலாமா என்றால்: முதல் கருவியாக வாங்குகிறவர்கள், குழுவோடு தேடுகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம், கூடவே சிறிய காயிலையும் வாங்கிவிடுங்கள். உப்புநீர் ஊறிய கடற்கரை மணலே உங்கள் களம் என்றால், ஒரே நேரத்தில் பல அதிர்வெண்களில் இயங்கும் கருவியைப் பாருங்கள். ஒற்றை அதிர்வெண் கருவிகள் அங்கே திணறும்.

மாலையில் டப்பாவைத் திறந்து மூதாட்டியிடம் காட்டினேன். சாவியை நெடுநேரம் விரலால் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “கடிகாரத்தை விற்று முப்பது வருஷம் இருக்கும்” என்றார். பிறகு அதைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, வடக்குப் பக்கக் கட்டங்கள் மீதம் இருக்கின்றனவே, அதற்கு எப்போது வருவீர்கள் என்று கேட்டார்.