உப்புவெளி வீட்டில் சொந்த மெயில் சர்வர்: சில வருட அனுபவம்

திருகோணமலை உப்புவெளியில் இருக்கிற எங்கள் வீட்டில், ராஸ்பெரி பை என்ற கையளவு கணினி ஒன்றில் குடும்பத்துக்கான மெயில் சர்வரை (மெயில்களை அனுப்பி, வாங்கி, சேமித்து வைப்பது) சில வருடங்களாக ஓட்டி வருகிறேன். இணைய நிறுவனம் விடாது என்று கேள்விப்பட்டே பலர் இதைத் தொடாமல் விடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

வீட்டு இணைப்புகளில் வெளியே போகும் போர்ட் 25 (போர்ட் என்றால் இணையத் தகவல் போகிற எண்ணிட்ட வாசல்) பெரும்பாலும் மூடியிருக்கும். 587, 465 திறந்திருந்தாலும் அவை நாம் நம் சர்வரிடம் மெயிலைக் கொடுக்கிற வழிகள். சர்வருக்குச் சர்வர் கைமாறுவது 25இல்தான். இதில் எனக்குக் கோபமில்லை, வைரஸ் ஏறிய வீட்டுக் கணினிகள் உலகம் முழுக்கக் குப்பை மெயில் கொட்டியதால் வந்த பூட்டு அது. கோபம் அடுத்ததில். ரவுட்டரில் வெளிமுக ஐபி (இணையத்தில் நம் இணைப்பின் முகவரி எண்) 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால், ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டிருக்கிறார்கள், வெளியிலிருந்து எதுவும் நேராக உங்கள் வீட்டுக்கு வராது. போன் பண்ணிக் கேட்டால், "பிசினஸ் பேக்கேஜுக்கு மாறுங்கோ அண்ணா" என்கிறார்கள். வீட்டுப் பாவனைக்கு அந்த விலை நியாயமே இல்லை.

சரி, 25ஐத் திறந்தே விட்டாலும் போதாது. வீட்டு ஐபிகள் பெரும்பாலும் குப்பை மெயிலைத் தடுக்கும் ஸ்பாம்ஹவுஸ் அமைப்பின் பிபிஎல் பட்டியலில் (நேராக மெயில் அனுப்பக்கூடாத ஐபிகளின் பட்டியல்) இருக்கும், ஒரு ஐபி எந்தப் பெயருக்குரியது என்று சொல்லும் ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸும் நம் கையில் இல்லை. ஜிமெயிலோ 2024 பெப்ரவரியிலிருந்து அனுப்புகிற எல்லாரிடமும் அந்த ரிவர்ஸ் டிஎன்எஸ்ஸையும், மெயில் உண்மையிலேயே நம் டொமைனிலிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப் அல்லது டிகிம்மையும் கேட்கிறது.

அதனால் வெளிநாட்டில் மலிவான விபிஎஸ் (இணையத்தில் இருக்கும் மெய்நிகர் சர்வர்) ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் மென்பொருளைப் போட்டு, வீட்டோடு வயர்கார்டு என்ற டனலால் (இணையத்துக்குள் பூட்டிய தனிப் பாதை) இணைத்துவிட்டேன். மெயில் வருவதும் போவதும் அதன் வழியாகத்தான். காசு கட்டுமுன் அங்கே 25 திறந்திருக்கிறதா என்று கட்டாயம் கேளுங்கள், பல இடங்களில் அங்கேயும் பூட்டுத்தான். வீட்டுப் பக்கத்தில் வயர்கார்டின் பெர்சிஸ்டன்ட் கீப்அலைவை (இணைப்பை விழித்திருக்க வைக்கும் சிறு செய்தி) 25 செக்கனுக்கு ஒருமுறை என்று வையுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் நிறுவனத்தின் நாட் (ஒரே ஐபியைப் பல வீடுகளுக்குப் பங்கிடும் ஏற்பாடு) வழியை மறந்துவிடும். இன்னொன்று எம்டியு, அதாவது ஒரே பொட்டலத்தில் போகக்கூடிய அதிகபட்சத் தகவல் அளவு, பைட்டில். சின்ன மெயில் எல்லாம் ஒழுங்காக வரும், கனடாவிலிருந்து அக்கா அனுப்பும் படங்கள் மட்டும் பாதியில் நின்று, திரும்பத் திரும்ப முயன்று தொங்கும். வயர்கார்டின் வழக்கமான 1420ஐ 1280ஆகக் குறைத்ததும் படங்கள் வந்து சேர்ந்தன.

கரண்ட் போனால் என்ன ஆகும் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள். ஒன்றும் ஆகாது. போஸ்ட்ஃபிக்ஸ் ஒரு மெயிலை 5 நாள் வரை வரிசையில் வைத்துக்கொண்டு முயலும், அதனால் மாரியில் காற்றடித்து லைன் விழுந்தாலும் மெயில்கள் விபிஎஸ்ஸில் காத்திருந்து, டனல் வந்ததும் வீட்டுக்கு இறங்கிவிடும். எனக்கு இதைவிடத் தலையிடி கடல்காற்றுத்தான்: யூஎஸ்பி முனைகளில் பச்சை பிடித்து டிஸ்க் கழன்று கழன்று வரும், ஆகவே பெட்டியை ஜன்னலிலிருந்து தள்ளி, மூடிய அலுமாரிக்குள் வையுங்கள், காற்றோட்டத்துக்கு ஓட்டை விட்டு.

புதிதாக ஒருவருக்கு அனுப்பும்போது எப்போதாவது ஸ்பாமுக்குள் போகிறது, அதை எடுத்துவிடச் சொன்னால் பிறகு ஒழுங்காகப் போகும். வங்கிக் கணக்குக்கு மட்டும் இன்னும் பழைய முகவரியைத்தான் கொடுத்து வைத்திருக்கிறேன். மற்றபடி எங்கள் வீட்டுக் கடிதங்கள் எல்லாம் எங்கள் வீட்டிலேயே, எங்கள் டிஸ்க்கிலேயே இருக்கின்றன. எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.