ஹம் தேருக்கு எந்தக் கடல் வழி?

வைகாசி நெருங்கினால் லண்டன் தமிழர் வீடுகள் பலவற்றில் ஒரே கேள்விதான்: ஹம் தேருக்கு இந்த முறை எந்த வழியால் போவது? ஜேர்மனியின் ஹம் நகரில், ஊன்ட்ரொப் தொழிற்பேட்டைக்கு நடுவே 2002-இல் குடமுழுக்குக் கண்ட காமாட்சி அம்பாள் கோயிலின் தேர்த் திருவிழாவுக்கு ஐரோப்பாவெங்குமிருந்து மக்கள் திரள்கிறார்கள். பிரான்ஸ்காரருக்கும் சுவிஸ்காரருக்கும் நேரே சாலை இருக்கிறது. நமக்கு நடுவில் கடல்.

அந்தக் கடலைக் காரோடு தாண்ட லண்டன்வாசிக்கு மூன்று வழிகள். ஃபோக்ஸ்டனில் காரை ரயிலில் ஏற்றிக் கடலடிச் சுரங்கத்தால் பிரான்ஸின் கலே போவது ஒன்று. டோவரில் கப்பலேறிக் கலேயிலோ டன்கேர்க்கிலோ இறங்குவது இரண்டாவது. ஹாரிச் துறைமுகத்தில் இரவுக் கப்பலேறி விடியும்போது நெதர்லாந்தின் ஹூக் ஒஃப் ஹொலண்டில் இறங்குவது மூன்றாவது. மனைவி, இரண்டு பிள்ளைகள், அம்மா என ஐவராக இந்த மூன்றிலும் போய்வந்திருக்கிறேன்.

பெரும்பாலோர் கடலில் கழியும் நேரத்தை வைத்து முடிவெடுக்கிறார்கள். சுரங்கத்தில் 35 நிமிடம், டோவர்–கலே கப்பலில் ஒன்றரை மணி நேரம், ஹாரிச் கப்பலில் ஏறத்தாழ எட்டு மணி நேரம். இப்படி அடுக்கினால் சுரங்கம் வென்றுவிடும். ஆனால் காரோட்டுபவருக்கு இந்தக் கணக்கு உதவாது. அவர் பார்க்க வேண்டியது இரண்டு: எத்தனை கிலோமீற்றர் ஓட்ட வேண்டும், அதற்கு முன் எத்தனை மணி நேரம் தூங்கியிருப்பார். கலேயிலிருந்து பெல்ஜியத்தின் கெண்ட், அன்ட்வேர்ப், நெதர்லாந்தின் ஐந்தோவன், வென்லோ வழியாக ஹம்முக்கு ஏறத்தாழ 490 கிலோமீற்றர். லண்டனிலிருந்து டோவருக்கு ஓட்டியதையும் சேர்த்தால் 600-ஐத் தாண்டும். ஹூக் ஒஃப் ஹொலண்டிலிருந்து ஹம் ஏறத்தாழ 320 கிலோமீற்றர்தான். அதுவும் கட்டிலில் தூங்கி எழுந்த பிறகு.

இதை அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வந்து, குளித்து, சாமான்களை ஏற்றி, இரவு பத்து மணிக்குப் புறப்பட்டேன். சுரங்கத்தைத் தாண்டிக் கலேயில் வெளியே வந்தபோது உற்சாகமாகத்தான் இருந்தேன். வென்லோவை நெருங்கும்போது அதிகாலை நான்கு மணியிருக்கும். சாலையோரக் கோட்டில் சக்கரம் ஏறிய கரகரப்பும் மனைவியின் அலறலும் ஒன்றாகக் கேட்டன. அடுத்த தரிப்பிடத்தில் நிறுத்தி, கை நடுங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பின் இருக்கையில் அம்மாவும் பிள்ளைகளும் ஒன்றும் அறியாமல் தூங்கிக்கொண்டிருந்தார்கள். எங்கள் சனத்தில் வார இறுதிக்குள் போய்த் திரும்பி, திங்கள் காலை வேலைக்கு நிற்பதைக் கெட்டித்தனமாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதைக் கேட்டாலே வயிறு கலங்குகிறது.

சுரங்க ரயிலின் நன்மைகளை மறைக்க வேண்டியதில்லை. காரை விட்டு இறங்கவே வேண்டாம். முழங்கால் நோயுள்ளவர்களுக்கு இது பெரிய வரம். கடல் கொந்தளிப்பும் காற்றும் பயணத்தைத் தடுக்காது. 50 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தில் கடலுக்குக் கீழே மட்டும் 38 கிலோமீற்றர் வரை ஓடுகிறோம். கட்டணமும் ஆள் கணக்கில் இல்லை, கார் கணக்கில். ஏழு பேர் அமரும் காரை நிறைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு இது இலாபம். எரிவாயுவில் ஓடும் காருக்கு மட்டும் அனுமதியில்லை. குறை என்னவென்றால், சுரங்கம் காரோட்டிக்கு ஓய்வு தருவதில்லை. இருக்கையைச் சாய்த்துக் கண்ணை மூடும்போதே மறுகரை வந்துவிடுகிறது. பகலில் போய், வழியில் ஒரு இரவு தங்குவதாக இருந்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

டோவர் கப்பல் பெரும்பாலும் மலிவு. பிள்ளைகள் மேல்தளத்தில் ஓடலாம், வெள்ளைப் பாறைகள் சிறுத்துப் போவதைப் பார்க்கலாம், ஒரு தேநீரோடு கால் நீட்டலாம். கலேக்குப் பதில் டன்கேர்க்கில் இறங்கினால் கடலில் அரை மணி நேரம் கூடும், சாலையில் ஓட்ட வேண்டிய தூரம் குறையும். கிழக்கே போகிற நமக்கு டன்கேர்க்தான் பொருத்தம். பலர் பழக்கத்தால் கலே டிக்கெட்டையே வாங்குகிறார்கள்.

டோவரில் பயம் கடலல்ல, கரை. பிரெஞ்சு எல்லைப் பொலிஸார் கடவுச்சீட்டை டோவரிலேயே பார்ப்பதால் நெரிசல் முழுவதும் இந்தப் பக்கத்தில் தேங்குகிறது. 2023 ஏப்ரலில், ஈஸ்டருக்கு முந்தைய வார இறுதியில், பயணிகள் பஸ்கள் அங்கே 12 மணி நேரத்துக்கும் மேல் நின்றன. தேர் சில ஆண்டுகளில் மே கடைசித் திங்கள் விடுமுறையை ஒட்டி வருகிறது. பள்ளிகளுக்கும் அதே வாரம் அரைத்தவணை விடுமுறை. நாடே தெற்கு நோக்கிப் புறப்படும் நாளில்தான் நாமும் புறப்படுகிறோம். ஃபோக்ஸ்டனிலும் இதே எல்லைச் சோதனைதான், எம்20 நெடுஞ்சாலை அடைத்தால் அதே சிக்கல்தான். தேர் எந்த நாளென்று தெரிந்த அன்றே முன்பதிவு செய்துவிடுங்கள்.

இனி ஹாரிச். இரவு 11 மணியளவில் புறப்பட்டு, உள்ளூர் நேரப்படி காலை 8 மணியளவில் மறுகரை சேர்கிறது. இந்த வழியில் ஓடும் ஸ்டெனா லைனின் இரண்டு கப்பல்களும் 2010-இல் சேவைக்கு வந்தவை, ஒவ்வொன்றும் 240 மீற்றர் நீளம். இரவுப் பயணத்தில் அறை எடுத்தே ஆக வேண்டும்; டோவரைவிடச் செலவு கூடுவதற்குப் பெரிய காரணம் அதுதான். ஆனால் டோவர் வழியே போய்ப் பெல்ஜியத்தில் ஒரு இரவு விடுதியில் தங்கினால் அந்தச் செலவும் உண்டல்லவா? இரண்டையும் கூட்டிப் பார்த்தபோது எங்கள் குடும்பத்துக்கு வித்தியாசம் சொற்பமாகவே இருந்தது.

அறையில் நான்கு சுவர், கட்டில், குளியலறை. ஒன்பதரைக்கே ஏறிப் பிள்ளைகளுக்குச் சாப்பாடு கொடுத்து, கப்பல் நகர்வதற்குள் தூங்கவைத்துவிடலாம். அம்மா அதிகாலையில் எழுந்து, குளித்து, திருநீறு பூசி, சன்னலுக்கு வெளியே வட கடல் வெளுப்பதைப் பார்த்துக்கொண்டு தேவாரம் படித்தார். கோயிலுக்குப் போகும் பயணம் அங்கேயே தொடங்கிவிட்டதுபோல் இருந்தது எனக்கு. தூங்கி எழுந்த தெளிவோடு உட்ரெக்ட், ஆர்னெம் தாண்டி, ஜேர்மனியின் ஏ3, ஏ2 நெடுஞ்சாலைகள் வழியாக ஓட்டிப் பகல் ஒரு மணிக்கு முன் ஊன்ட்ரொப் வெளிவாயிலில் திரும்பினோம்.

கவனிக்க வேண்டியவையும் உண்டு. கப்பல் கிளம்பியபின் கார்த் தளத்துக்கு இறங்க விடமாட்டார்கள். மருந்து, இன்சுலின், மாற்றுடுப்பு எல்லாம் ஒரு சிறு பையில் மேலே வர வேண்டும். கப்பலின் ஆட்டத்தில் கார் அலாரம் அலறத் தொடங்கும், அணைத்துவிடுங்கள். தலைசுற்றும் என்று அஞ்சுபவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். நெதர்லாந்து எல்லைச் சோதனை மறுகரையில்தான் என்பதால், காலையில் கப்பலின் கார்கள் எல்லாம் ஒரே நேரத்தில் சாவடிக்கு முன் நிற்கும்; அங்கே ஒரு மணி நேரம் போனாலும் பதறாதீர்கள். முக்கியமாக, சனி இரவுக் கப்பல் ஞாயிற்றுக்கிழமைத் தேருக்குப் பிந்திவிடும். வெள்ளி இரவே ஏற வேண்டும்.

லண்டனில் தேம்ஸுக்கு எந்தப் பக்கம் இருக்கிறீர்கள் என்பதும் முடிவை மாற்றும். ஹரோ, வெம்பிளி, ஈஸ்ட்ஹாம், இல்ஃபோர்ட் வாசிகளுக்கு ஆற்றைத் தாண்டாமலே எம்25, ஏ12 வழியே ஹாரிச். டூட்டிங், மிச்சம், குரொய்டன் வாசிகள் ஆற்றைக் கடக்க வேண்டும். டார்ட்ஃபோர்டில் ஆற்றைக் கடக்க ஏற்கனவே கட்டணம், பிளாக்வோல் சுரங்கத்துக்கும் 2025 ஏப்ரலிலிருந்து கட்டணம் வந்துவிட்டது. வெள்ளி மாலை நெரிசலும் சேர்ந்தால், தென் லண்டன்காரர் ஃபோக்ஸ்டன் பக்கம் சாய்வதைக் குறை சொல்ல முடியாது. லீட்ஸ், மன்செஸ்டர் பக்கத்தவர்களுக்கு ஹல்–ரொட்டர்டாம் இரவுக் கப்பலே போதும், தெற்கே இறங்கத் தேவையில்லை.

எந்த வழியால் போனாலும் காருக்குள் என்ன ஏற்றுகிறீர்கள் என்று பாருங்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பிறகு இங்கிருந்து இறைச்சியும் பாற்பொருட்களும் கொண்டுபோகத் தடை. அபிஷேகத்துக்கென்று ஆசையோடு கட்டும் பால், தயிர், நெய் எல்லாம் இதில் அடங்கும். அவற்றை ஜேர்மனியில் வாங்குங்கள். பூமாலைக்கும் வெற்றிலைக்கும் எலுமிச்சைக்கும் தாவர நலச் சான்றிதழ் வேண்டும். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் அது தேவையில்லை. அர்ச்சனைத் தட்டில் பாதி தப்பிவிடுகிறது! பிரிட்டிஷ் கடவுச்சீட்டு வழங்கப்பட்டுப் பத்து ஆண்டு கடந்திருக்கக் கூடாது, திரும்பும் நாளுக்குப் பிறகும் மூன்று மாதம் செல்லுபடியாக வேண்டும். இலங்கைக் கடவுச்சீட்டில் இருக்கும் பெற்றோருக்கு, இங்கே நிரந்தர வதிவிடம் இருந்தாலும், ஷெங்கன் விசா தேவை. அதற்கான வேலையைத் தைப்பொங்கல் முடிந்ததும் தொடங்குவது நல்லது.

ஆகவே போவதற்கு எங்கள் வீட்டில் ஹாரிச்தான், இதில் எனக்குத் தயக்கமில்லை. திரும்புவதற்கு அதையே சொல்லமாட்டேன். ஹூக்கிலிருந்து இரவுக் கப்பல் உள்ளூர் நேரம் பத்து மணியளவில் புறப்படும். அதைப் பிடிக்க மாலை நான்கு மணிக்கே ஹம்மை விட வேண்டும். தேர் இருப்புக்கு வந்து, அன்னதானம் முடிந்து, பத்து வருடம் காணாத ஊர்க்காரரைக் கண்டு அம்மா கையைப் பிடித்துக் கதைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில், "கப்பல் போய்விடும், எழும்புங்கோ" என்று அவரை இழுக்க எனக்கு மனம் வராது. தவறவிட்டால் அடுத்த கப்பல் மறுநாள் பிற்பகலில்தான். கலேயிலும் டன்கேர்க்கிலும் அப்படி இல்லை. ஒன்று போனால் கொஞ்ச நேரத்தில் இன்னொன்று, டிக்கெட்டை மாற்றச் சிறிது கூடுதல் பணம் கேட்டாலும் இடம் பெரும்பாலும் கிடைத்துவிடும். ஞாயிறு இரவு ஹம்மிலேயே தங்கி, திங்கள் காலை எழுந்து, அன்ட்வேர்ப்பில் சித்தி வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அங்கிருந்து டன்கேர்க் இரண்டு மணி நேரத்துக்குள், வெளிச்சம் இருக்கும்போதே.