10 லிட்டர் கேமிங் பிசி, ரெண்டு வருஷத்துக்கு அப்புறம்: எல்லாம் ஓகே, அந்தச் சத்தம் மட்டும்...

"ராம் வெலை ஏறிக்கிட்டே போகுதே அக்கா, இன்னும் ஏறுறதுக்குள்ள நானும் உங்க மாதிரி ஒரு குட்டி பிசி கட்டிடவா?" சித்தி மகன் வாய்ஸ் மெசேஜ் அனுப்பிட்டான். ஆமா இல்லனு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போயிருக்கலாம், ஆனா சொல்ல ஆரம்பிச்சா நிறுத்த முடியல, அதான் உக்காந்து எழுதிட்டேன், அவன மாதிரி கேக்குற மத்தவங்களுக்கும் சேத்து.

சாமான் லிஸ்ட் சீக்கிரம் முடிச்சுடுறேன். ரைசன் 5 7600 சிப்பு (அதான் சிபியு), ரெண்டு ஃபேன் வச்ச ஆர்டிஎக்ஸ் 4060 கிராஃபிக்ஸ் கார்டு, மினி ஐடிஎக்ஸ்னு குட்டி மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ராம், எஸ்எஃப்எக்ஸ்னு சின்ன சைஸ் பவர் சப்ளை, கொள்ளளவு பத்து லிட்டருக்குக் கொஞ்சம் மேல வர்ற சாண்ட்விச் கேஸ். போர்டு ஒரு பக்கம், கார்டு மறுபக்கம், ரெண்டையும் இணைக்க நடுவுல ரைசர் கேபிள். அப்ப எல்லாம் சேந்து அஞ்சாயிரம் மலேசிய வெள்ளிக்குக் கிட்ட வந்துச்சு. பாதி சாமான் கோலாலம்பூர் (கே.எல்.) லோ யாட் கம்ப்யூட்டர் கடைங்கள்ல வாங்குனது, மீதி ஆன்லைன்ல. கேம் ஓடுமான்னு மட்டும் கேக்காதீங்க, ஓடும், 1080பில எல்லாம் நல்லாவே ஓடுது.

இப்ப சத்தம்.

கேஸு சின்னது, அதனால சிபியு கூலருக்குக் கெடைக்கிற எடம் அஞ்சு சென்டிமீட்டர்கூட இல்ல. என்கிட்ட இருக்கறது 37 மில்லிமீட்டர் உயரம், மேல 92 மில்லிமீட்டர் ஃபேன். பெரிய ஃபேன் மெதுவா சுத்தினா வெறும் காத்துச் சத்தம்தான், அத நான் கண்டுக்க மாட்டேன். சின்ன ஃபேன் அதே அளவு காத்துத் தள்ளணும்னா வேகமா சுத்தணும், அப்ப கீச்சுனு வரும். அதுகூடப் பரவாயில்ல, ஒரே மாதிரி கீச்சுனா காது பழகிடும், இது பழக விடாது, பிரவுசர்ல ஒரு டேப் தொறந்தா ஏறும், அடுத்த செகண்ட் எறங்கும், ஃபோல்டர் தொறந்தா மறுபடி ஏறும், கொசு காதுகிட்ட வந்துட்டு வந்துட்டுப் போற மாதிரியே இருக்கு, அடிக்கவும் முடியாது.

ஏன் இப்படின்னா இந்த சிப்போட குணம் அது. உள்ள கோர் இருக்கற துண்டு ரொம்ப சின்னது, வேலை வந்ததும் தானா வேகம் கூடி (பூஸ்ட்) அந்தச் சின்ன எடத்துல சூடு குப்புனு ஏறும், ஒரு செகண்டுல பத்து பதினஞ்சு டிகிரிகூட தாவும். சூட்ட வாங்கிக்கிற உலோகத் துண்டு, ஹீட்சிங்க், இன்னும் சூடே ஆகியிருக்காது, ஆனா ஃபேன் சென்சரப் பாத்துட்டு ஓடத் தொடங்கிடும். கேம் ஆடும்போது இது பிரச்சனையே இல்ல, அப்ப ஒரே நெலையில இருக்கும். மோசமானது கேம் தன் கிராஃபிக்ஸ் கோடத் தயார் பண்ற (ஷேடர் கம்பைல்) நேரமும், பெரிய அப்டேட் எறங்கி உள்ளுக்குள்ள பிரிச்சுப் போடுற நேரமும்தான். ஆறு கோரும் முழுசா ஓடும், நான் சும்மா உக்காந்து பாத்துக்கிட்டிருப்பேன், அது கத்திக்கிட்டிருக்கும்.

ரிவியூல யாரும் இதச் சொல்லலியான்னா, சொன்னாங்க, ஆனா அவங்க ரூமுல சொன்னாங்க. அவங்க டெஸ்ட் பண்ற எடத்துல 21, 22 டிகிரி. ஏர் கூலர் எதுவா இருந்தாலும் ரூமு காத்தவிடக் கீழ எறக்க முடியாது, ரூமு எவ்ளோ சூடோ அதுக்கு மேலதான் கணக்கே ஆரம்பிக்கும். அங்க 80 காட்டுனா 33 டிகிரி ரூமுல 91. இந்த சிப்போட எல்லை 95. எங்க வீடு பேராக்ல சிலிம் ரிவர் டவுனுக்கு வெளிய, எஸ்டேட் பக்கம், பலகை வீடு, ஜிங்க் கூரை, பகல் பூரா வாங்குன வெயில ராத்திரி பத்து மணிவரைக்கும் எறக்கிக்கிட்டேதான் இருக்கும். மேல காத்தாடி சுத்துது, ஏர்கான் கெடையாது. கே.எல்.ல என் வாடகை ரூமுல ஏர்கான் இருக்கு, அங்க இதே பிசி நல்ல புள்ள. ஊருக்கு வந்தாத்தான் இதுக்குப் பேய் புடிக்குது. பலகைச் சுவரு வேற, அந்தப் பக்கம் அம்மா படுத்திருப்பாங்க, "அது என்னாடி விசிலடிக்குது"ன்னு சத்தம் வரும்.

சரி, என்னெல்லாம் பண்ணேன்னு சொல்றேன், இதுதான் உருப்படியான பகுதி. பயாஸ்ல, அதான் போர்டோட செட்டிங்ஸ்ல, கரன்ட்டக் கம்மியா இழுக்கற எகோ மோட் போட்டேன், வழக்கமா 88 வாட் வரைக்கும் இழுக்கற சிப்பு இப்ப 61ல நின்னுடும். கேம்ல வித்தியாசம் கண்ணுக்குத் தெரியல, 4060தான் முதல்ல மூச்சு வாங்குது, சிபியு இல்ல. சிப்புக்குப் போற வோல்டேஜக் கொறைக்க கர்வ் ஆப்டிமைசர்ல கொஞ்சம் மைனஸ் குடுத்தேன், உங்க சிப்புக்கு எவ்ளோ தாங்கும்னு நீங்கதான் படிப்படியா பாக்கணும், என் நம்பரக் காப்பி அடிக்காதீங்க. அடுத்தது ஃபேன் கண்ட்ரோல்னு ஒரு இலவச சாஃப்ட்வேர், அதுல அந்த நிமிஷத்து சூட்டப் பாக்காம கொஞ்ச நேரத்துச் சராசரியப் பாத்து ஃபேன ஓட்டலாம், ஏறி எறங்குறது முக்கால்வாசி அதுலயே அடங்கிடுச்சு. இத முதல்லயே ஏன் போர்டுக்காரங்க ஒழுங்கா செட் பண்ணித் தரல, அதான் எனக்குக் கடுப்பு.

எல்லாத்தவிட நல்லா வேலை செஞ்சது என்னா தெரியுமா, ஜப்பான் சிலிப்பர், அதான் அந்த ரப்பர் செருப்பு. உண்மையாத்தான். கூலர் ஃபேனுக்கும் கேஸோட பக்கத்துத் தகட்டுக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கு. ஃபேன் வெளிக்காத்த மட்டும் இழுக்காம அந்தச் சந்து வழியா கேஸுக்குள்ள சுத்துற சூட்டுக் காத்தயும் சேத்து இழுக்கும். அந்தச் சந்த ஒரு வளையம் வச்சு அடைச்சிட்டா ஃபேனுக்கு வெளிக்காத்து மட்டும்தான் கெடைக்கும், டக்ட்னு சொல்லுவாங்க, ஃபோம்லயும் வெட்டலாம், த்ரீடி பிரிண்டும் பண்ணலாம். எனக்கு ஊர்ல கெடைச்சது பாசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தை) வாங்குன நீல சிலிப்பரு, ஒரு தடவகூட கால்ல போடாதது. அத மெல்லிசா அறுத்து, வட்டமா வெட்டி உள்ள வச்சேன். அஞ்சாறு டிகிரி எறங்கிடுச்சு, காசு குடுத்து வாங்குன எந்தச் சாமானும் இவ்ளோ பண்ணல. அம்மாதான் செருப்ப எங்கடி வைக்கிறனு ஒரு நாள் பூரா திட்டுனாங்க, சரஸ்வதி பூஜை அன்னிக்கு வேற அந்தப் பிசிக்குப் பொட்டு வைக்கமாட்டேன்னுட்டாங்க.

இப்ப நல்லதையும் சொல்லணும், இல்லன்னா பாவம்.

தூக்கிட்டுப் போறது நான் நெனச்சதவிட பத்து மடங்கு சுகம். ஆறேழு கிலோ வரும், ஸ்கூல் பேக் மாதிரி ஒரு பேக்ல போட்டு, சுத்தி ரெண்டு டவல், கே.எல் சென்ட்ரல்ல இ.டி.எஸ் ரயில் ஏறி மேல தட்டுல வச்சிட்டு தூங்கிடுவேன். 4060 சின்ன கார்டுங்கறதால ஸ்லாட்ல தொங்கி ஆடாது. கே.எல்.ல ஒரு மானிட்டர் இருக்கு, வீட்ல டிவி இருக்கு, மவுஸ் கீபோர்டு மட்டும் கூட வரும். பவர் வயரக்கூட தூக்குறதில்ல, பழைய டெஸ்க்டாப் வயர அம்மா ரைஸ் குக்கருக்குப் போட்டு வச்சிருக்காங்க, அதே மூணு ஓட்டை, சோறு வெந்த பெறகு எனக்கு.

தீபாவளிக்கு ஹால்ல டிவில மாட்டிவிட்டேன், பெரியப்பா வீட்டுப் பசங்க, அத்தை வீட்டுப் பசங்க எல்லாம் ரெண்டு கன்ட்ரோலர மாத்தி மாத்திப் புடுங்கி ஃபுட்பால் ஆடுனானுங்க. அன்னிக்குப் பூரா ஃபேன் சத்தம் ஒரு தடவகூட எனக்குக் கேக்கல, அதுவும் அன்னிக்குத்தான் விடியறவரைக்கும் ஓடுச்சு. முறுக்கு மாவுக் கைய மட்டும் தொடச்சிட்டு வாங்கடான்னு கத்துனதுதான் வேலை.

இன்னொண்ணு, மத்தியானம் மூணு மணிக்கு மேல இங்க இடி இடிக்கலன்னாத்தான் ஆச்சரியம், அடிக்கடி கரன்ட் டிரிப் ஆகும். பெரிய டவர் பிசின்னா மேசைக்குப் பின்னால குனிஞ்சு வயரத் தேடணும். இத பட்டுனு புடுங்கி பேக்ல வச்சு அலமாரிக்குள்ள வச்சிடுவேன். அலமாரிக்குள்ள வச்சா பல்லியும் போகாது. பல்லி விஷயம் விளையாட்டில்ல, ஓட்டை ஓட்டையா இருக்கற கேஸுக்குள்ள சூடு தேடி அது வரும், உள்ள போர்டு மேல எச்சம் போட்டா முடிஞ்சுது. செம்பனை லோரி போற ரோட்டுச் செம்மண் தூசியும் உண்டு, ஃபில்டர் போடலாம், போட்டா ரெண்டு டிகிரி ஏறும், நான் ஃபில்டரக் கழட்டிட்டு பிரஷ் வச்சித் தட்டுறேன்.

இவ்ளோ சொல்லிட்டு இப்ப தம்பிக்குச் சொல்றேன், கட்டாத. நேத்து ராத்திரி இத எழுதிக்கிட்டிருக்கும்போதே ஒரு கேம் தானா அப்டேட் ஆகி திரும்ப கீச்சுனு ஆரம்பிச்சிடுச்சு, அந்தக் கடுப்புலதான் சொல்றேன்னு வச்சிக்க, ஆனாலும் கட்டாத. ராம் வெலை இப்ப இருக்கற நெலமைக்கு ரெண்டே ஸ்லாட் இருக்கற ஐடிஎக்ஸ் போர்டுல ஒரே நேரத்துல ரெண்டு ராம் குச்சியும் பெருசா வாங்கணும், பின்னால சேத்துக்கலாம்ங்கற பேச்சே இல்ல. உன் ரூமுலயும் ஏர்கான் கெடையாது. அதே காசுக்கு ஒரு கேமிங் லேப்டாப் வாங்கு, அதுவும் கத்தும், ஆனா கத்தும்போது ஸ்கிரீனும் கூடவே இருக்கும். என் பிசிய விப்பியான்னு மட்டும் கேக்காத, ஏற்கனவே உங்கம்மா கேட்டாச்சு, முடியாதுன்னு சொல்லியாச்சு.

நான் சொன்னா கேக்கவா போற, கட்டத்தான் போற. அப்படின்னா கூலர் வாங்கறதுக்கு முன்ன கேஸுல எத்தன மில்லிமீட்டர் உயரம் விடுதுன்னு பாத்து, அது தாங்குற பெரிய கூலரா வாங்கு, 37ல நிக்காத. சிலிப்பர் வெட்டறதா இருந்தா மாட்டுன பெறகு ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவுல எவ்ளோ இருக்குன்னு அளந்துக்க, ஒரு மில்லிமீட்டர் கம்மியாவே வெட்டு, ஃபேன் இறக்கையில உரசக் கூடாது, ஓரச் சட்டத்து மேலதான் உக்காரணும்.