வண்ணாரப்பேட்டை ஒளி சிகிச்சை நிலையம்: காயத்தைப் பார்த்த பிறகே கதவை மூடுகிறார்கள்

எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்குப் பின்தெருவில், மாடியில் இருக்கிறது இந்தத் தோல் சிகிச்சை நிலையம். படிகள் செங்குத்தானவை, லிஃப்ட் கிடையாது. முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். மற்றபடி, தோல் தடித்துச் செதில் செதிலாக உதிரும் சொரியாசிஸுக்கு, புற ஊதா விளக்குக் கூண்டுக்குள் கதவை மூடி நின்று பெறும் ஒளி சிகிச்சை எங்கே எடுக்கலாம் என்று வடசென்னையில் யார் கேட்டாலும் இந்த இடத்தைத்தான் சொல்வேன். அதற்குக் காரணம் இயந்திரம் அல்ல, அதை இயக்கும் பெண்.

தண்டையார்பேட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். முழங்கையிலும் கெண்டைக்காலிலும் செதில். புழுக்கம் ஏறினால் அரிப்பு தாங்காது. சொறிந்த இடம் வெடித்து நீர் கசியும். அதன்மேல் புற ஊதா ஒளி பட்டால் புண் இன்னும் வெந்துபோகும்.

அதனால் இயந்திரத்தை இயக்கும் அந்தப் பெண் ஒவ்வொரு முறையும் டார்ச் அடித்துப் பார்க்கிறார். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி, "நேற்று இரவு எரிந்ததா அக்கா?" என்று கேட்கிறார். ஆமாம் என்றால் அன்று ஒளி கிடையாது, அல்லது நேரத்தைக் குறைக்கிறார். வெடிப்பின்மேல் துத்தநாக ஆக்சைடு களிம்பை அடியில் தோல் தெரியாதபடி அப்பி, துணி சுற்றுகிறார். மெல்லிய வெள்ளைப் பருத்தி போதாது, ஒளி இறங்கிவிடும். நான் நெருக்கமாக நெய்த கறுப்பு டிரில் துணியில் உறை தைத்துக்கொண்டு போனேன். ஜன்னலருகே தூக்கிப் பிடித்து, இழைகளுக்கு நடுவே வெளிச்சம் தெரியவில்லை என்று பார்த்த பிறகே கட்டவிட்டார்.

புண் ஆறிய பிறகு நடந்ததுதான் அவர்மேல் எனக்கு மதிப்பைக் கூட்டியது. உறையை உடனே கழற்ற விடவில்லை. மற்ற இடமெல்லாம் படிப்படியாக நேரம் கூட்டிப் பழகிய தோல். மூடியிருந்த இடம் ஒளியே காணாதது. இரண்டுக்கும் ஒரே அளவு கொடுத்தால் அந்த இடம் மட்டும் பொசுங்கும். முதலில் சில நொடிகள் திறந்து வைத்து, மறுபடி மூடி, மீதி நேரத்தை முடித்தார். ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி உள்ளாடை அணிந்து வரச் சொல்வதும் இதனால்தான்.

சாலிசிலிக் அமிலக் களிம்பு பூசிக்கொண்டு போகாதீர்கள், அது ஒளியைத் தடுத்துவிடும். நாட்டு மருந்துக் கடைக் கார்போக அரிசி எண்ணெய் தடவியிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அதிலுள்ள சோரலின் என்ற வேதிப்பொருள், ஒளி பட்டால் கொப்புளம் எழுப்பக்கூடியது.

லண்டனில் இருக்கும் என் தங்கை மகன், அங்கே தோலைக் கறுக்க வைக்கும் டேனிங் படுக்கையில் படுத்தாலே இந்தப் பலன் கிடைக்கும் என்றான். கிடைக்காது. அதில் வருவது பெரும்பாலும் யுவிஏ என்ற, அலைநீளம் கூடிய புற ஊதா ஒளி. இங்கே எரிவது அலைநீளம் குறைந்த, 311 நானோமீட்டர் அளவிலான யுவிபி. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, அந்தப் படுக்கைகளைப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் பிரிவில் 2009-இலேயே சேர்த்துவிட்டது. பலர் படுத்தெழும் கண்ணாடியில் ஆறாத புண் உரசினால் கிருமித் தொற்று வேறு. அவனை அந்தப் பக்கமே போகாதே என்று சொல்லிவிட்டேன்.

ஒளி படாமல் கண்ணை மறைக்கும் கண்ணாடியை நம் எதிரிலேயே ஸ்பிரிட்டால் துடைத்துத் தருகிறார்கள். ஆனாலும் சொந்தமாக ஒன்று வாங்கிக்கொள்வது நல்லது. உடை மாற்றும் இடம் மிகக் குறுகல். காலையில் போனால் அந்தப் பெண் இருப்பார். மாலையில் ஒரு தம்பி இருக்கிறார், பொறுமையானவர்தான். ஆனால் கூட்ட நேரத்தில் அவராகக் கேட்பதில்லை. உள்ளே போகும் முன் வெடிப்பு எங்கே இருக்கிறது என்று நீங்களே காட்டிவிடுங்கள்.