நின்றுகிடக்கும் தீயணைப்பு வண்டிக்கு டாட் 5 சிலிகோன் பிரேக் ஆயில்: எங்கே பலன், எங்கே வம்பு

பழைய தீயணைப்பு வண்டியையோ லாரியையோ பிரித்துக் கட்டுபவர்கள் எல்லாருக்கும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வி வரும்: பிரேக்குக்கு வழக்கமான டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் அமெரிக்கத் தரக் குறியீடு) ஊற்றுவதா, ஊதா நிறத்தில் வரும் டாட் 5 சிலிகோன் ஆயிலை ஊற்றுவதா? வருடத்தில் பத்துப் பதினைந்து நாள் ஓடி, மீதி நாளெல்லாம் ஷெட்டில் நிற்கிற வண்டிக்கு டாட் 5 அருமையான சரக்கு. ஆனால் சிஸ்டத்தை முழுக்கப் பிரித்து, காயவைத்து, ரப்பர் அத்தனையும் மாற்றிய பிறகுதான் அது அருமை. பழைய ஆயிலை வடித்துவிட்டு அதன் மேலேயே இதை ஊற்றப் போவதாக இருந்தால், பேசாமல் டாட் 4லேயே இருந்துவிடலாம்.

வாங்கும்போதே ஒரு குழப்பம் உண்டு. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் கிளைகால் வகை. டாட் 5 மட்டும்தான் சிலிகோன். எடையில் குறைந்தது 70 சதவீதம் சிலிகோனாக இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தரவிதி. டப்பாவில் 5.1 என்று போட்டிருந்தால் அது வேறு சரக்கு, ஒன்றோடு ஒன்றைக் கலக்கவே கூடாது. சந்தேகம் வந்தால் கண்ணாடிக் குப்பியில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள். கிளைகால் கரைந்துவிடும், சிலிகோன் மேலே மிதக்கும். ஊதா நிறத்தை மட்டும் நம்ப வேண்டாம். நாளாவட்டத்தில் அது வெளுத்துப் போகும்.

கொதிநிலையைப் பார்த்தால் டாட் 5 சோடை போகவில்லை. புது ஆயிலுக்கு விதி கேட்கும் குறைந்தபட்சம் டாட் 3க்கு 205 டிகிரி செல்சியஸ், டாட் 4க்கு 230, டாட் 5க்கு 260. ஆயிலில் ஈரம் ஏற்றிச் சோதிக்கும்போது இதே எண்கள் 140, 155, 180. ஆனால் நிற்கிற வண்டிக்கு முக்கியம் கொதிநிலை அல்ல, துருதான். கிளைகால் ஆயில் ரப்பர் ஹோஸின் சுவர் வழியாகவும் மாஸ்டர் சிலிண்டர் மூடியின் காற்றுத் துளை வழியாகவும் ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். வண்டி அசையாமல் நிற்கும்போது வீல் சிலிண்டருக்குள் கப் (ஆயில் கசியாமல் அடைக்கும் ரப்பர்) உட்கார்ந்திருக்கும் இடத்தில் துரு பிடித்துச் சின்னச் சின்னக் குழியாகும். ஆறு மாதம் கழித்துப் பெடலை மிதித்தால் பிஸ்டன் இறுகியிருக்கும். அல்லது கப்பின் உதடு அந்தக் குழியில் உரசிக் கிழிந்து, ஆயில் லைனிங்கில் இறங்கும். சிலிகோன் ஈரத்தை உறிஞ்சுவதில்லை. ஆண்டுக்கணக்கில் கிடங்கில் நிற்கும் வண்டிகளுக்காக அமெரிக்க ராணுவம் 1980களின் தொடக்கத்தில் சிலிகோன் ஆயிலுக்கு மாறியதும் இந்தக் கணக்கில்தான்.

பெயிண்ட் விஷயம் தீயணைப்பு வண்டிக்காரர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியது. டாட் 4 சிவப்புப் பெயிண்டில் பட்டுச் சில நிமிடம் துடைக்காமல் விட்டால் உரிந்து வரும். டாட் 5 பட்டால் பெயிண்டுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் பெயிண்ட் அடிக்காத தகட்டில் ஒரு சொட்டு விழுந்தால் போதும், அடுத்து அடிக்கும் கோட் அந்த இடத்தில் பிடிக்காமல் வட்ட வட்டமாகக் குழி விழும். மணல் தாள் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும். ஆகவே பெயிண்ட் வேலை முழுக்க முடிந்த பிறகே இந்த டப்பாவைத் திறக்க வேண்டும். துணி, கையுறை, புனல் எல்லாம் தனி. பெயிண்ட் அடிக்கும் பக்கமே அவை போகக் கூடாது.

இனி மாற்றும் முறை. மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர்கள், ஹைட்ரோவாக் (எஞ்சின் வெற்றிடத்தால் பிரேக் அழுத்தத்தைக் கூட்டும் கருவி) இருந்தால் அதன் ஹைட்ராலிக் பகுதி எல்லாவற்றையும் பிரித்து, கப், சீல், பூட் அத்தனையும் புதிதாகப் போட வேண்டும். கிளைகாலில் ஊறிய பழைய ரப்பர் சிலிகோனில் வேறு அளவுக்குச் சுருங்கும் அல்லது உப்பும். ‘டாட் 5 போட்டதும் கசிகிறது’ என்ற புகார்களில் பெரும்பாலானவை பழைய கப்பை அப்படியே விட்டதால் வருபவைதான். ரப்பர் ஹோஸ்களும் புதிதாக வேண்டும். பழையது உள்பக்கம் உப்பி அடைத்திருந்தால் ஒற்றை வழி வால்வு மாதிரி வேலை செய்து, பெடலை விட்ட பிறகும் அந்தச் சக்கரம் பிடித்துக்கொண்டே இருக்கும்.

சிலிண்டர் உள்சுவரில் விரல்நகம் மாட்டுகிற அளவுக்குக் குழி இருந்தால் ஹோன் போட்டுப் பெரிதாக்கிச் சமாளிக்காதீர்கள். கப்புக்கு இடைவெளி கூடிவிடும். பித்தளை அல்லது ஸ்டெயின்லெஸ் ஸ்லீவ் அடித்து, அசல் அளவுக்குக் கொண்டுவருவதே சரி. கிடைக்காத அளவில் இருக்கும் பழைய லாரிச் சிலிண்டருக்கு இதைத் தவிர வேறு நல்ல வழியும் இல்லை.

மாற்றாமல் விடும் இரும்பு பைப்புகளுக்குள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் விட்டு, வெளியே வருவது தெளியும்வரை கழுவி, கம்ப்ரஸர் காற்றை ஊதிக் காயவைக்க வேண்டும். கம்ப்ரஸரில் ஈரம் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம். இல்லாவிட்டால் வெளியேற்றிய தண்ணீரை நாமே திரும்ப உள்ளே அனுப்புகிறோம். கப்புகளை மாட்டும்போது தடவ இதே டாட் 5 போதும், வேறு எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம்.

ஏர் எடுப்பதுதான், அதாவது பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்றுவதுதான், பொறுமையைச் சோதிக்கும். சிலிகோன் காற்றை நுண்ணிய குமிழிகளாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். டப்பாவைக் குலுக்கக் கூடாது. எடுத்து வந்த பிறகு ஒரு நாள் அசையாமல் வைத்துவிட்டு, பாத்திரத்தின் சுவரோடு சரியவிட்டு மெல்ல ஊற்ற வேண்டும். பெடலை வேகமாகப் பம்ப் அடித்தால் ஆயில் நுரைத்து, நான்கு சக்கரம் சுற்றி வந்தும் பெடல் பஞ்சு மாதிரியே இருக்கும். அழுத்தக் கருவி இருந்தால் 10 பிஎஸ்ஐக்கு மேல் வைக்க வேண்டாம். வெற்றிடம் வைத்து இழுப்பது இந்த ஆயிலுக்கு ஒத்துவராது, நிப்பிளின் (ஏர் எடுக்கத் திறக்கும் சிறு திருகு) மறை வழியாகக் காற்றையும் சேர்த்து இழுக்கும். ஹைட்ரோவாக்குக்கு அதற்கென்று தனி நிப்பிள் உண்டு. எஞ்சினை நிறுத்தி, பெடலைப் பலமுறை மிதித்து வெற்றிடத்தைத் தீர்த்துவிட்டு, அதில் முதலில் ஏர் எடுங்கள்; பிறகு தூரத்துச் சக்கரத்திலிருந்து அருகில் வாருங்கள். வண்டியின் கையேடு வேறு வரிசை சொன்னால் அதுவே சரி. ஓர் இரவு விட்டுவிட்டு மறுநாள் திரும்ப எடுத்தால், முதல் நாள் வராத குமிழி வரும். இரண்டாம் முறைக்கும் சேர்த்து ஆயில் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

எவ்வளவு எடுத்தாலும் டாட் 4 தரும் அந்தக் கல் மாதிரியான பெடல் இதில் வராது. சூடேறும்போது சிலிகோன் சற்று அமுங்கும். கொஞ்சம் மென்மையாக இருப்பது இதன் குணம். மிதித்துப் பிடித்திருக்கும்போது பெடல் மெல்ல இறங்கிக்கொண்டே போனால் அது குணமல்ல, கோளாறு. மாஸ்டர் சிலிண்டர் கப்பைப் பாருங்கள்.

ஹைட்ரோவாக் வைத்த பெட்ரோல் வண்டிகளில் ஒரு எச்சரிக்கை. உள்ளே புஷ்ராடு சீல் தேய்ந்தால் ஆயில் வெற்றிட அறைக்குள் கசிந்து, ஹோஸ் வழியாக எஞ்சினுக்குள் இழுக்கப்படும். கிளைகால் என்றால் வெள்ளைப் புகையோடு போய்விடும். சிலிகோன் எரிந்தால் சிலிக்கா தூளாகி பிளக்கிலும் வால்விலும் படியும். வெளியே கசிவே தெரியாமல் ஆயில் மட்டம் குறைகிறதென்றால், வெற்றிட ஹோஸைக் கழற்றி உள்ளே விரல் விட்டுப் பாருங்கள். ஈரமாக இருந்தால் எஞ்சினை மேற்கொண்டு ஓட்டாதீர்கள்.

பிரேக் லைட் சுவிட்சும் சிலிகோனில் அடிக்கடி தகராறு செய்யும். ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும் பழைய சுவிட்சுக்குள் சிலிகோன் நுழைந்து கான்டாக்டைக் கெடுத்துவிடும். பெடல் கம்பியில் ஒரு மெக்கானிக்கல் சுவிட்ச் வைத்து, ரிலே வழியாக லைட்டுக்கு எடுத்துவிட்டால் அந்தக் கவலை தீர்ந்தது.

‘ஆயுளுக்கும் மாற்ற வேண்டாம்’ என்று விற்பவர்கள் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. உறிஞ்சாது என்பது உண்மை, ஆனால் உள்ளே வந்த தண்ணீருக்கும் போக இடமில்லை. அது எடை கூடியதால் அடியில் இறங்கி, வீல் சிலிண்டரின் தாழ்ந்த புள்ளியில் தேங்கும். அங்கே துரு வைக்கும். சூடானால் 100 டிகிரியிலேயே ஆவியாகிப் பெடலைத் தரைக்கு இறக்கும். தரைத் தகட்டுக்குக் கீழே மாஸ்டர் சிலிண்டர் இருக்கும் பழைய வண்டிகளில் இந்த அபாயம் அதிகம், கழுவும் தண்ணீர் நேரே மூடியின் மேல் விழும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு நிப்பிளிலிருந்தும் 50 மில்லியாவது கண்ணாடிப் பாட்டிலில் எடுத்து ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள். அடியில் தெளிவான படலம் நின்றால் தண்ணீர். மஞ்சளாக நின்றால் யாரோ டாட் 4 ஊற்றியிருக்கிறார்கள். இரண்டாவது என்றால் மறுபடி முழுக்கப் பிரிக்க வேண்டியதுதான்.

யாருக்கு இது வேண்டாம்? ஏர் பிரேக் வண்டிக்கு இந்தப் பேச்சே இல்லை. மினரல் ஆயில் கேட்கும் சிஸ்டத்தில் டாட் என்று பெயர் போட்ட எதையும் ஊற்றக் கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டிக்கும் ஆகாது. அடுத்து, தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு மலைப்பாதையில் இறங்கும் வண்டிகள். 2,000 லிட்டர் தண்ணீர் என்றால் 2 டன். அந்தச் சுமையோடு ட்ரம் சூடேறும்போது பெடல் மென்மையாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். அப்படி அடிக்கடி ஓட்டுபவர்கள் நல்ல டாட் 4 ஊற்றி, இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் மாற்றுவதே மேல். எந்த ஆயிலானாலும் தண்ணீர்த் தொட்டி முழுக்க நிரம்பியிருக்கட்டும், அல்லது முழுக்கக் காலியாக இருக்கட்டும். பாதித் தொட்டியில் தண்ணீர் அலைந்து வண்டியையே தள்ளும்.

டாட் 5 போட்டு முடித்ததும் மாஸ்டர் சிலிண்டர் மூடியில் கம்பி கட்டி ஒரு தகட்டு வில்லை மாட்டுங்கள்: ‘டாட் 5 சிலிகோன் மட்டும்’. டிரைவர் கதவின் உள்பக்கமும் ஒன்று. அவசரத்துக்கு மட்டம் பார்த்து ஊற்றுபவர் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்.