கணைய கேன்சர்காரருக்கு கிரியோனா, ஃபார்மசில சும்மா வாங்குற என்சைமா?

வெள்ளவத்தைல தெரிஞ்ச ரெண்டு மூண்டு குடும்பம் இதையே கேக்கினம், டொக்டர் எழுதின கிரியோன் கேப்சூல் விலை கூட, துண்டு இல்லாம வாங்குற சமிபாட்டு குளிசை காணாதோ எண்டு.

உள்ளுக்கு என்ன?
கிரியோன்: பன்றியின்ர கணையத்தில இருந்து எடுக்கிற பான்கிரியாட்டின் எண்ட சமிபாட்டு என்சைம் கலவை. சமயத்தால யோசிக்கிறவை முதலே டொக்டரோட கதையுங்கோ.
மற்றது: கூடுதலா பப்பாசி பப்பேன், டயாஸ்டேஸ்.

கொழுப்பு செமிக்குமா?
இதுதான் முக்கியம். கணையம் வேலை செய்யாட்டி மலம் எண்ணெய்த்தன்மையா மிதக்கும், தண்ணி ஊத்தினாலும் லேசில போகாது, சாப்பிட்டாலும் ஆள் மெலிஞ்சுகொண்டே போவார். கிரியோன் 25000 எண்டா ஒரு கேப்சூல்ல 25,000 யூனிட் லைபேஸ் (கொழுப்பை செமிக்க வைக்கிற என்சைம்), அதுவும் வயித்து அசிட்ல பழுதாகாம குடலுக்கு போய் கரையிற கோட்டிங்கோட. பப்பேனும் டயாஸ்டேஸும் புரதம், மாச்சத்துக்குத்தான், கொழுப்பை தொடாது.

விலை?
மற்றது மலிவுதான், ஆனா வேலை செய்யாத மருந்துக்கு குடுக்கிற காசும் வீண்தானே.

பாவிக்கிறது?
கிரியோன்: முதல் வாயோட ஒண்டு, பெரிய சாப்பாடெண்டா நடுவில மிச்சம், எத்தனை எண்டு டொக்டர் சொல்லுவார். சப்பாதீங்கோ, சுடச்சுட தேத்தண்ணியோட விழுங்காதீங்கோ. ப்ளேன்டீக்கு தேவையில்ல, ஒரு கப் பால் குடிச்சா தேவை. கொழும்பு வெக்கைல ஜன்னலடில வைக்கவே வேணாம்.
மற்றது: சாப்பிட்ட பிறகு, அவ்வளவுதான்.

சுகமான ஆளுக்கு எப்பவாவது வயிறு ஊதினா மலிவானது போதும். கணைய கேன்சர் எண்டா கிரியோன் மாதிரி பான்கிரியாட்டின்தான், பிரிட்டன்ர நைஸ் எண்ட மருத்துவ வழிகாட்டி அமைப்பின்ர 2018 வழிகாட்டியும் ஒப்பரேஷன் செய்யேலாத ஆக்களுக்கு இதைத்தான் குடுக்கச் சொல்லுது. டொக்டர் எழுதாட்டி அடுத்த கிளினிக்கில நீங்களே கேளுங்கோ.