ரோமைத் திரையில் அறிவதா, நடந்து அறிவதா?

ஒரு நகரத்தின் பண்பாட்டை அறிய விரும்புவோர், முதலில் அதன் திரைப்படங்களைப் பார்ப்பதா, நேரே பயணம் புறப்படுவதா என்று தயங்குவதுண்டு. ரோம் நகரத்தை வைத்து இரண்டையும் ஒப்பிடுகிறேன்.

செலவு: படத்துக்கு ஒரு மாலைப்பொழுது போதும், பயணத்துக்குப் பணமும் விடுமுறையும் ஒருசேர அமைய வேண்டும்.

காலம்: இதில் திரைப்படமே மேல். தொழில்முறை நடிகர்கள் அல்லாதவர்களைக் கொண்டு ரோமின் தெருக்களிலேயே விட்டோரியோ டி சிக்கா எடுத்த ‘பைசைக்கிள் தீவ்ஸ்’ (1948), போருக்குப் பிந்தைய வறுமையில் வாடிய, இன்று எந்தப் பயணியும் காண இயலாத ஒரு ரோமை நமக்காகக் காத்து வைத்திருக்கிறது.

நம்பகம்: திரை சில வேளைகளில் நகரத்தையே புனைந்துவிடும். 1960-இல் வெளிவந்த, இயக்குநர் ஃபெலினியின் ‘லா டோல்சே வீட்டா’ படத்துக்காக, வியா வெனெட்டோ தெருவின் ஒரு பகுதி சினெசிட்டா படப்பிடிப்பு வளாகத்தில் அரங்கமாகவே எழுப்பப்பட்டது. நடந்து செல்பவருக்கு இந்த மயக்கம் நேராது.

ஓவியம்: இங்கே பயணத்துக்கு ஈடே இல்லை என்பது என் உறுதியான எண்ணம். ஓவியர் காரவாஜ்ஜோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்றும், சான் லூயிஜி தேய் ஃபிரான்செசி தேவாலயத்தில், எந்தச் சிற்றாலயத்துக்காக வரையப்பட்டனவோ அங்கேயே இன்றும் இருக்கின்றன. மத்தேயுவை இயேசு அழைக்கும் ஓவியத்தில் விழும் ஒளி, பலிபீடத்தின் மேலுள்ள சாளரத்தின் திசையிலிருந்தே வருவதுபோல் தீட்டப்பட்டிருப்பதை அவ்விடத்தில் நின்றால்தான் முழுமையாக உணர முடியும்.

ஆகவே மக்களின் வாழ்வையும் கடந்த காலத்தையும் அறிய விழைவோர் திரைப்படத்தையும், ஓவியத்திலும் கட்டடக் கலையிலும் நாட்டமுள்ளோர் பயணத்தையும் தேர்ந்துகொள்ளலாம். இரண்டும் கைகூடுமானால் படத்தை முதலில் பாருங்கள்.